திரும்பி வர வழி இல்லாத விளையாட்டு

அன்புள்ள குணா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே மலாக்காவில் நம் காஜா பேராங் தெருவில் பாதிப்பேர் இதைப் படித்திருப்பார்கள், மீதிப்பேர் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ரகசியமாக எழுதி அனுப்பினால், அம்மா கஷ்டக் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று ஒரு கூட்டம் சொல்லும், இல்லை, கருணைக் கட்சிக்காக மகனிடம் மனுப் போடுகிறாள் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். மலாயா சுதந்திரம் வாங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, நாட்டில் இருக்கிற கட்சிகள் போதாதென்று நீ வேறு இரண்டு கட்சிகளை உண்டாக்கிவிட்டுக் கோலாலம்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். இங்கே பசாரில் மீன் வாங்கப் போனால்கூட எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் செதில் உரிக்கிறார்கள். ஆகவே நான் சொல்வதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன்.

போன தடவை நீ எழுதிய கடிதத்தில், "நலம். சாப்பாடு சுமார். விளையாட்டைப் பற்றி யாரும் எனக்கு எழுத வேண்டாம்" என்று இருந்தது. பெற்ற தாய்க்கு இப்படித் தந்தி பாஷையில் எழுதுவதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தோமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "சுமார்னு எழுதிருக்கானே, அதுவே பெருசு" என்று உனக்குப் பரிந்து பேசினார். நலம் என்று எழுதியிருக்கிறாய், அதை நம்புகிறேன். சாப்பாடு சுமார் என்று எழுதியிருக்கிறாய், அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் எழுதப்போகிறேன், நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து படி.

இது எங்கே ஆரம்பித்தது என்பது உனக்கு மறந்திருக்காது. மெர்டேக்கா என்று சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணங்களைச் சில கடைக்காரர்கள் இன்னும் கழற்றவில்லை, அதற்குள் ரஷ்யாக்காரன் ஆகாயத்தில் ஓர் உருண்டையைச் சுற்ற விட்டுவிட்டான் என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்று சாயங்காலம் தெருவே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. உன் அப்பா ஒரு நட்சத்திரத்தைக் காட்டி அதுதான் என்றார். தேத்தண்ணிக் கடை காதர் காக்கா இன்னொன்றைக் காட்டி இதுதான் என்றார். கழுத்து வலிக்க வலிக்க இருவரும் வாதாடினார்கள். கடைசியில் அப்பா காட்டியது இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை, காக்கா காட்டியது சிங்கப்பூர் போகிற விமானம். நீ மட்டும் உள்ளே போனாய். சர்வே ஆபீசில் படம் வரைந்துவிட்டு வந்த களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் ஒரு தேயிலைப் பெட்டியைப் பிரித்துப் பலகையாக்கினாய். பிறகு தீபாவளிக்கு முறுக்குச் சுற்ற எனக்கு மேசை கிடைக்கவில்லை. மேசை முழுவதும் ஆகாயம் பரவிக்கிடந்தது.

வரைந்ததில் குறை சொல்ல மாட்டேன். கீழ் மூலையில் பூமி, அதில் கடுகளவுக்கு மலாக்கா. நடுவில் சந்திரன். அதைத் தாண்டினால் கற்கள் பறக்கிற இடம். மேல் மூலையில் சிவப்பு மசியில் செவ்வாய். கப்பலுக்குப் பதில் புளியங்கொட்டை. ஆடுகிறவர்தான் கப்பல் தலைவர், சமையலுக்கு, வைத்தியத்துக்கு, ரேடியோவுக்கு, இயந்திரம் பழுது பார்க்க என்று அவரவர் வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லி ஏற்றிக்கொள்ள வேண்டும். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வினை எங்கே வந்ததென்றால், நீ தாயக்கட்டையும் வைக்கவில்லை, சோழியும் வைக்கவில்லை. பழைய நாட்காட்டித் தாளை அட்டை அட்டையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் இக்கட்டை எழுதி, இதைச் செய்கிறாயா அதைச் செய்கிறாயா என்று கேட்டாய். எதைச் சொன்னாலும் அதற்கென்று ஒரு பலன் பிஸ்கட் டின்னுக்குள் காத்திருக்கும். உடனே வராது. நாம் சொன்னதே நமக்கு மறந்துபோன பிறகு வெளியே வந்து கழுத்தைப் பிடிக்கும். தாயக்கட்டை இருந்தால் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். உன் விளையாட்டில் செத்தால், தானே சொன்ன பதிலால்தான் செத்தோம் என்று எல்லோர் முன்னாலும் தெரிந்துவிடும். செத்தால் மறுபடி மலாக்காவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீ இங்கே இருந்தவரை ஒருவர்கூடச் செவ்வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

காதர் காக்கா தண்ணீரை ஏற்றுவதா சர்க்கரையை ஏற்றுவதா என்று கேட்டால் சர்க்கரை என்பார். "தேத்தண்ணி இல்லாம அம்மாந்தூரம் எவன் போவான்?" என்பார். தண்ணீரில்லாமல் தேத்தண்ணி எப்படி என்று சந்திரனுக்குப் பக்கத்தில் போகும்போதுதான் அவருக்கு உறைக்கும். உன் அப்பா வழியில் பார்க்கிற கப்பலுக்கெல்லாம் காற்றைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுக் கற்கள் பறக்கிற இடத்துக்கு வந்ததும் மூச்சு முட்டிச் சாவார். பக்கத்து வீட்டு பீபிக் மலாக்காச் செட்டி அம்மாள், தலைமுறை தலைமுறையாக வீட்டில் மலாய்தான், தமிழ் தெரியாது, அட்டையை நீ மலாயில் சொல்வாய். அவர் எதைப் பற்றியும் யோசிக்காமல் பதில் சொல்லி, செத்ததும், "மாத்தி லாகி!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். மறுபடியும் செத்தேன் என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற மனுஷியை நான் பார்த்ததில்லை. நான் ஒரே ஒரு தடவைதான் ஆடினேன். முதல் அட்டையிலேயே, மழை மேகம் தெரிகிறது, கிளம்புவதா ஒரு நாள் தள்ளிப் போடுவதா என்று கேட்டாய். கொடியில் துணி கிடந்தது, தள்ளிப் போடு என்றேன். "கப்பல் கிளம்பவில்லை. தோல்வி" என்று வாசித்தாய். உன் விளையாட்டில் அத்தனை பேரும் உயிரோடு இருந்த ஒரே கப்பல் என்னுடையது, துணியும் நனையவில்லை. அதற்குப் பெயர் தோல்வியாம்.

இப்படித்தான் கட்சிகள் பிறந்தன. விளையாட்டு என்றால் மனுஷன் கொஞ்சமாவது ஜெயிக்க வேண்டாமா, செத்தவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தால் என்ன என்று காதர் காக்கா தலைமையில் கருணைக் கட்சி. கஷ்டமாக இருப்பதால்தானே வேலை முடிந்ததும் ஓடி வருகிறோம், சுலபமாக்கினால் யார் வருவார்கள் என்று பீபிக் தலைமையில் கஷ்டக் கட்சி. காக்கா கடையில் கட்சிக்கு ஒரு பெஞ்சு. உன் அப்பா இரண்டு பெஞ்சிலும் மாறி மாறி உட்கார்ந்து இரண்டு தேத்தண்ணி குடித்தார். ஊரே உன்னிடம் வந்து கெஞ்சியது, ஓர் அட்டையையாவது மாற்று என்று. நீ ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. என் மகன் யாருக்கும் வளைந்து கொடுக்கமாட்டான் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமை தை மாதத்தில் கிளேபாங்கில் இருக்கிற பெண் வீட்டுக்குப் பரிசத் தட்டுகளோடு போகும் வரைக்கும் இருந்தது. உனக்குப் பார்த்த பெண் தவமணியின் அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடம் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டவர், வீட்டில் கூடத்து நாற்காலிகளைக்கூட வரிசையாகத்தான் போட்டிருந்தார். உன் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, "வரும்போது அதையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. ஆள் நடத்தத் தெரியாதவன்தான் தோப்பான்" என்று ஆள் விட்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன், பரிசம் போடப் போகிற இடத்துக்குப் பலகையும் பிஸ்கட் டின்னும் எதற்கு என்று. மாமனார் கேட்டதைக் கொண்டுபோகாமல் இருப்பதா என்று அப்பாவும் மகனும் எனக்கு நியாயம் சொன்னீர்கள்.

போய் உட்கார்ந்ததும் ராகுகாலச் சண்டை. பஞ்சாங்கத்தில் அச்சடித்த நேரம்தான் நேரம் என்றார் கிராணியார். சூரியன் இங்கே உதிப்பது வேறு நேரம், அதற்குத் தக்கபடி தள்ளிப் பார்க்க வேண்டும் என்றார் உன் அப்பா. மெர்டேக்கா கிடைத்த பிறகும் நமக்கு ராகுகாலம் மட்டும் இன்னும் மெட்ராசிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. கடைசியில் யாருக்கும் மனக்குறை வேண்டாம், இரண்டு ராகுகாலமும் கழியட்டும், பிறகு தட்டு மாற்றலாம் என்று முடிவானது. நல்ல காரியத்துக்கு வந்த இரண்டு குடும்பம், தட்டுகளை நடுவில் வைத்துவிட்டுச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கிராணியார், "தம்பி, அந்தப் பலகைய விரிங்க" என்றார்.

மனுஷர் கெட்டிக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன். சமையலுக்குத் தன் சம்சாரம், வைத்தியத்துக்குத் தன் தம்பி, ரேடியோவுக்குத் தவமணி என்று ஏற்றினார். இயந்திரத்துக்கு யார் என்று கேட்டாய். "வேற யாரு, மாப்பிள்ளதான்" என்று உன் பெயரைச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம், உள்ளறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு சிரிப்புக் கேட்டது. தண்ணீரை அளந்து கொடுத்தார், அரிசியை அளந்து கொடுத்தார், காக்காவும் அப்பாவும் செத்த இடத்தையெல்லாம் அலுங்காமல் தாண்டினார். சந்திரனில் ஓர் அட்டை வந்தது. பழுது பார்ப்பவர் உங்கள் கட்டளையை மறுத்துப் பேசுகிறார், இறக்கிவிடுவதா, பொறுத்துக்கொண்டு கூட்டிப்போவதா என்று கேட்டாய். "என் தோட்டத்துல எதுத்துப் பேசுனவன் ஒருத்தன் இருந்ததில்ல. எறக்கி விடு" என்றார் கிராணியார். மாப்பிள்ளையைச் சந்திரனில் இறக்கிவிட்டார் என்று அதற்கும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

கற்கள் பறக்கிற இடத்தையும் அவர் தாண்டியபோது கூடமே எழுந்து நின்றுவிட்டது. சம்பந்தியம்மாள் வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்தபடி சாப்பிட மறந்து நின்றார். நம் வீட்டிலேயே யாரும் இவ்வளவு தூரம் போனதில்லை. செவ்வாய்க்கு இன்னும் சாண் தூரம்கூட இல்லை. அப்போது நீ பிஸ்கட் டின்னிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, ரயில் நிலையத்தின் பெயரை வாசிப்பது போல வாசித்தாய்: "இயந்திரம் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் சந்திரனில் இருக்கிறார். கப்பலில் உள்ள அனைவரும் இறந்தார்கள்."

"நல்ல நாளும் அதுவுமா, தட்டு வச்ச வீட்ல என்ன பேச்சு இது!" என்று சம்பந்தியம்மாள் வாயில் கை வைத்தார். சமையலுக்கு ஏறியவர் அவர், செத்தவரும் அவர். கிராணியார் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் புளியங்கொட்டையை விட்டு அகலவில்லை.

"தம்பி, ஒரு நிமிசம். கப்பலத் திருப்புங்க. சந்திரனுக்குப் போயி அவன ஏத்திக்கிட்டு வந்துர்றேன்."

"முடியாது மாமா. விட்டவங்கள மறுபடி ஏத்த முடியாது. அதான் சட்டம்."

"யோவ், உன்னத்தான்யா ஏத்தப் போறேன்!"

"தெரியுது மாமா. ஆனாலும் முடியாது."

குணா, நான் அந்த இடத்தில் உன் இடுப்பில் கிள்ளினேன். நீ நெளிந்தாயே தவிர வளையவில்லை. வாழ்க்கையில் ஒருவரிடமும் என் தப்பு என்று சொல்லாத ஒரு பெரிய மனிதர், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பெற்றவர், உன்னைக் கூட்டிக்கொண்டு போக நான் திரும்பி வருகிறேன் என்று உன்னிடமே கெஞ்சுகிறார், நீ சட்டம் பேசுகிறாய். காப்பாற்ற வந்தவரிடம் காப்பாற்றாதே என்று வாதாடிய ஆளை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. "அப்பா, அவருகிட்ட கேளுங்க. இந்த வெளாட்டுல திரும்பி வர்ற வழியே கெடையாதா?"

"கெடையாது" என்றாய். யோசிக்கக்கூட இல்லை.

"அப்ப தட்ட எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்கப்பா. நான் கோவக்காரி. கோவிச்சுக்கிட்டுப் போவேன், அப்புறம் நானே திரும்பி வருவேன். திரும்பி வர வழி இல்லாத வீட்ல நான் எப்படிக் குடித்தனம் பண்றது?"

ராகுகாலம் இரண்டும் முடிந்துவிட்டன. தட்டு மாற்ற ஆள் இல்லை. கொண்டுபோன தேங்காயையும் பழத்தையும் புடவையையும் மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் திரும்பி வந்தோம். உன் அப்பா துக்கம் தாங்காமல் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். நீ பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். மறுவாரமே மாற்றலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய். பலகையையும் டின்னையும் மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

இனி நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். உன் விளையாட்டை மாற்று என்று நான் சொல்லவில்லை. காதர் காக்கா இதைப் படிக்கும்போது பல்லைக் கடிப்பார், கடிக்கட்டும். அது கஷ்டமாக இருப்பதுதான் அதன் அழகு. சொன்ன சொல் பின்னால் வந்து நிற்கும் என்று பெரியவர்கள் வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள், உன் பிஸ்கட் டின் சொன்னால் கேட்கிறார்கள். அட்டையில் எழுதியது அட்டையில் இருக்கட்டும். ஆனால் வீடு அப்படி நடக்காது, ஐயா. உன் அப்பாவுக்கும் எனக்கும் கல்யாணமான புதிதில் ஒரு கருவாட்டுச் சண்டை வந்தது. கருவாட்டை நான் கருக விட்டேன் என்றார். அடுப்பைத் தூண்டிவிட்டது அவர்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு மூவாரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் ஏறவில்லை. எனக்கே ஏன் என்று தெரியவில்லை. கடைசியில் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா கதவைத் திறந்தே வைத்திருந்தார். ஏன் போனாய், ஏன் வந்தாய் ஒன்றும் கேட்கவில்லை. "அரிசி களைஞ்சு வச்சிருக்கேன். தண்ணி எவ்வளவு வைக்கிறதுன்னுதான் தெரியல" என்றார். நான் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் வைத்தேன். அன்றைக்கு அவர் சட்டம் பேசியிருந்தால் நீ பிறந்திருக்க மாட்டாய், செவ்வாய்க்கு யாரும் கிளம்பியிருக்கவும் மாட்டார்கள். அதற்குப் பிறகும் நான் எத்தனையோ தடவை வாசல் வரை போயிருக்கிறேன், அவரும் போயிருக்கிறார். பீபிக் எங்கள் வேலிப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் கிராணியார் வந்து நின்றார். பக்கத்துக் கோயிலுக்கு வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார். நெற்றியில் திருநீறே இல்லை. அவருக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு தவமணி. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்தவர், டம்ளரை வைத்ததும், "அந்தப் பலக இருக்குதா?" என்றார். அவருக்கு உன் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பதெல்லாம் விளையாட்டின் மேல்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்கு வருகிறார், ஒவ்வொரு ஞாயிறும் சாகிறார். உன் அப்பா அட்டை வாசிக்கிறார். யாரும் ஏமாற்றக்கூடாது என்று பீபிக் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கருணைக் கட்சி கேட்கிறதே என்று உன் அப்பா ஓர் அட்டையை மறைக்கப் பார்த்தார், கையிலேயே ஓர் அடி விழுந்தது. கேட்டால் ஆச்சரியப்படுவாய், கிராணியார் இப்போது கஷ்டக் கட்சி.

தவமணி இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போன ஞாயிறு அவள் அப்பா கற்களில் அடிபட்டுச் செத்ததும், "நான் ஒரு தடவ ஆடுறேன்" என்றாள். சமையலுக்கு என்னைப் போடச் சொன்னாள். வைத்தியத்துக்கு அவள் அம்மா. ரேடியோவுக்கு அவள் அப்பா, பேசிக்கொண்டே இருக்கலாம் என்றாள். இயந்திரத்துக்கு யார் என்று உன் அப்பா கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அவரு பேரையே போடுங்க" என்றாள். பரிசம் போடாத பெண், தாலி கட்டாத பெண், உன் பெயரை வாயால் சொல்லாமல் அவரு என்றாள். காதர் காக்கா தொண்டையைக் கனைத்தார். கிராணியார் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

சந்திரனில் அதே அட்டை வந்தது. பழுது பார்ப்பவர் மறுத்துப் பேசுகிறார் என்று வாசித்தார் உன் அப்பா. "பேசட்டும். பேசிக்கிட்டே வரட்டும்" என்றாள். நீயும் கப்பலில் இருந்ததால் காற்றுக் குறைந்தது. ஒருவரை இறக்குவதா, எல்லோரும் அசையாமல் படுத்தே போவதா என்று அட்டை கேட்டது. "எல்லாரும் படுத்துக்கிட்டே போவோம். யாரும் சண்ட போடக்கூடாது, காத்து செலவாயிரும்" என்றாள். அரிசி தீர்ந்து பட்டினி கிடந்தோம். நான் சமையல்காரி, எனக்கு வேலையே இல்லை. வழியில் இயந்திரம் நின்றது. உன் அப்பா டின்னிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு தடவை மனதுக்குள் படித்துவிட்டுத்தான் சத்தமாக வாசித்தார்: "பழுது பார்ப்பவர் அதைச் சரிசெய்தார்." நீ எழுதி வைத்திருக்கிறாய், குணா. ஒருவரும் உன்னை அவ்வளவு தூரம் கூட்டிப்போகாததால் அந்த அட்டை இதுவரை வெளியே வந்ததே இல்லை.

அவள் செவ்வாயில் இறங்கினாள். பீபிக் எழுந்து நின்று கையைத் தட்டினார். காதர் காக்கா கடைக்கு ஓடி எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். உன் அப்பா செவ்வாயில் இறங்கியவருக்கு உரிய அட்டையைத் தேடினார். இல்லை. டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். வரவில்லை. யாரும் போய்ச் சேரமாட்டார்கள் என்று நினைத்து நீ அப்படி ஓர் அட்டையை எழுதவே இல்லை. போய்ச் சேர்ந்தவள் என்ன செய்வது என்று உன் விளையாட்டில் ஒரு சொல்கூட இல்லை.

எல்லோரும் தவமணியைப் பார்த்தோம். அவள் புளியங்கொட்டையை விரலால் தொட்டபடி, அப்பா இருக்கிறார், காக்கா இருக்கிறார் என்று கூச்சப்படாமல் என்னிடம் சொன்னாள்: "அத்தே, நான் யாரையும் பாதியில விட்டுட்டு வரமாட்டேன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அவருதான் விட்டுட்டுப் போயிட்டாரு. திரும்பி வருவாரான்னு கேட்டு எழுதுங்க."

கேட்டு எழுதிவிட்டேன். கிராணியார் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. காக்காவும் பீபிக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சியாகிவிட்டார்கள். அந்தக் கொட்டையை அங்கிருந்து எடுக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. பலகை கூடத்தில் விரித்தபடியே கிடக்கிறது, நான் அதைச் சுற்றித்தான் பெருக்குகிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு, ஐயா. கதவு திறந்துதான் இருக்கும்.

உன் அம்மா